பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம்?

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒருமுறை மினிட்ஸ் ஃபைல் என் கைக்கு வந்தது. லிஃப்ட் பராமரிப்பை யாருக்குக் கொடுப்பது என்பதில் தகராறு. முந்தைய கூட்டத்தில் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றுதான் பேசியிருந்தோம். ஃபைலைப் பிரித்தால், ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியதாக இருக்கிறது.

நான் பல வருஷம் கணக்குப் புத்தகங்களோடு காலம் தள்ளியவன். எழுத்தைப் படிப்பதற்கு முன் தாளைப் பார்ப்பது பழக்கம். முன்னும் பின்னும் இருந்த தாள்களில் பஞ்ச் துளைகள் புரட்டிப் புரட்டி விளிம்பு நைந்து, லேசாக அழுக்கேறி இருந்தன. அந்த ஒரு தாளில் மட்டும் துளை நேற்றுப் போட்டதுபோல வட்டம் குலையாமல் இருந்தது. வெள்ளையும் சற்றுத் தூக்கல். கேட்டதற்குச் செயலாளர், "பழைய தாள் கிழிஞ்சு போச்சு சார், திரும்ப பிரிண்ட் எடுத்து வெச்சேன்" என்றார். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மை என்று காட்ட அவராலும் முடியவில்லை. வளையத்தை இரண்டு விரலால் பிரித்து மூடும் ஃபைலில் இதற்குமேல் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

இந்த ஃபைலைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. அது பிறந்ததே தாளைச் சுலபமாகச் செருகவும் எடுக்கவும்தான். ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரெட்ரிக் சொன்னெக்கன் 1886-இல் தாளில் துளை போடும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1896-இல் ஸ்டுட்கார்ட்டில் லூயி லைட்ஸ் நெம்புகோல் வைத்த ஃபைலைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் ஆபீஸ் அலமாரிகளில் நிற்கும் பாக்ஸ் ஃபைல் அதன் வாரிசு. பில், கடிதம், வவுச்சர் வைக்க இதைவிட நல்ல பொருள் இல்லை. பின்னாளில் மாற்றக்கூடாத ஒன்றையும் அதே ஃபைலில் வைக்க ஆரம்பித்ததில்தான் வினை.

அதற்காகவே பூட்டு வைத்த தனித்தாள் பைண்டர் என்று ஒன்று உண்டு. முதுகுப் பக்கம் இரண்டு உலோகக் கம்பிகள், தாள்கள் அவற்றில் கோத்து நிற்கும், மேலே ஒரு பட்டை அழுத்திப் பிடிக்கும். பக்கம் பெருகப் பெருகக் கம்பியை நீட்டிக்கொள்ளலாம். சாவியைத் திருப்பினால் பட்டை தளரும், திருப்பிப் பூட்டினால் இறுகும். விலை மலிந்த வகையில் சாவிக்குப் பதில் திருகாணி இருக்கும். அதற்கு ஒரு ரூபாய் நாணயமே சாவி. துளையிலும் சங்கதி இருக்கிறது. துளை முழு வட்டமாக இருந்தால் பூட்டைத் திறக்காமல் தாளை எடுக்கக் கிழித்துத்தான் ஆகவேண்டும், கிழிசல் தடயமாக நிற்கும். சில பைண்டர்களில் துளை விளிம்புவரை வாய் திறந்திருக்கும். சற்றுத் தளர்ந்தாலே தாள் உருவிக்கொண்டு வந்துவிடும். கடையில் வாங்கும்போது இதை யாரும் பார்ப்பதில்லை, அட்டையின் நிறத்தைப் பார்க்கிறோம்.

ஒரு தாள் புத்தகத்தின் பகுதியா, வெறும் காகிதமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஜெயின் ஹவாலா வழக்கில் 1991-இல் சிபிஐ கைப்பற்றியவற்றில் ஸ்பைரல் நோட்டுகளும் இருந்தன, ஃபைலில் வைத்த உதிரித் தாள்களும் இருந்தன. முறையாக எழுதிவரும் கணக்குப் புத்தகங்களின் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கும் சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுக்குள் இவை வருமா? 1998 மார்ச்சில் வந்த தீர்ப்பு, தாள்கள் ஒன்றாகப் பிணைந்து ஒரே பொருளாக நின்றால்தான் அது புத்தகம் என்றது. ஸ்பைரல் நோட்டுகள் தேறின. உதிரித் தாள்கள் தேறவில்லை, அவற்றை எளிதில் கழற்றி வேறு தாளை வைத்துவிடலாம் என்பதால். ஸ்பைரல் நோட்டில் மட்டும் கிழிக்க முடியாதா என்று பள்ளிப் பிள்ளைகளே கேட்பார்கள். கிழிக்கலாம்தான். புதுத் தாளை உள்ளே நுழைப்பதுதான் கஷ்டம். ரிங் ஃபைலில் இரண்டும் சுலபம்.

புத்தகம் என்று தேறியதாலேயே வழக்கு ஜெயித்துவிடாது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. கணக்குப் பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது, வேறு ஆதாரமும் வேண்டும். 2017 ஜனவரியில் சஹாரா, பிர்லா நிறுவனங்களில் கிடைத்த தாள்கள் குறித்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உதிரித் தாள்களை நம்பி விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் பழைய 34-ஆம் பிரிவு 28-ஆக இருக்கிறது. சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. "யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தேன்னு இந்தச் சீட்டுல இருக்கு" என்று துண்டுச் சீட்டுக் கற்றையோடு கோர்ட்டுக்குப் போனால் கை கொடுக்காது. பேரேட்டை அன்றன்றைக்கு எழுதி, கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

கம்பெனிகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்படி கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியாக வேண்டும், பக்கங்களுக்கு வரிசையாக எண் இருக்க வேண்டும். தனித்தாளாகவும் வைக்கலாம். ஆனால் தாளை உருவவோ மாற்றவோ முடியாதபடி தக்க பூட்டு அமைப்பு இருக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பைண்டு செய்துவிட வேண்டும் என்று கம்பெனிச் செயலாளர்களுக்கான தரவிதிகள் சொல்கின்றன. மினிட்ஸில் கை வைத்தது நிரூபணமானால் இரண்டு ஆண்டுவரை சிறை, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம்.

பங்குதாரராக உங்களுக்கு என்ன உரிமை? 119-ஆம் பிரிவின்படி பொதுக்கூட்ட மினிட்ஸை வேலை நாளில் கட்டணம் இல்லாமல் பார்வையிடலாம். ஒரு நாளில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது கம்பெனி அதற்கு ஒதுக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்து ரூபாய்க்கு மேற்படாத கட்டணம் கட்டினால் ஏழு வேலை நாளில் நகல் தர வேண்டும். மறுத்தால் கம்பெனிக்கு 25,000 ரூபாய், பொறுப்பான அதிகாரிக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. உடனே காட்டும்படி தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் உத்தரவும் வாங்கலாம். இயக்குநர் குழு மினிட்ஸுக்கு இந்த உரிமை கிடையாது. இதைத் தெரியாமல் கேட்டு மூக்குடைபட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டோம், எங்களுக்கு எதற்குப் பூட்டு என்பவர்களுக்கும் ஒன்று. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்யும் வசதி இருந்தாக வேண்டும், அதை அணைத்து வைக்கக்கூடாது. பைண்டரில் இரும்பு செய்த வேலையை அங்கே மென்பொருள் செய்கிறது.

அடுக்ககச் சங்கம், நலச் சங்கம் நடத்துகிறவர்களுக்குக் கம்பெனிச் சட்டம் பொருந்தாது. பெரும்பாலானவை 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே பெரிய ஆயுதம் 36-ஆம் பிரிவு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தால் பதிவாளர் சங்கத்தின் நடப்பையும் நிதியையும் விசாரிக்கலாம். ஆள் சேர்ப்பதுதான் பாடு. கூட்டத்தில் உரக்கக் கத்தியவர்கள் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஊரில் இருப்பதில்லை.

அரசு ஆவணங்களைப் பொறுத்தவரை பழைய சட்டம் ஒன்றைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, சார்பதிவாளர் அலுவலகப் புத்தகங்களின் பக்க எண்கள் அச்சிலேயே வரிசையாக இருக்க வேண்டும், மொத்தம் இத்தனை பக்கம் என்று முதல் பக்கத்தில் அதிகாரி சான்று எழுத வேண்டும் என்கிறது. பூட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பக்கத்தை எண்ணி எழுதி வைத்துவிட்டால் பாதிக் காவல் முடிந்தது என்று அன்றைக்கே புரிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் ஆவண எண், ஆண்டு, மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்று முத்திரை இருக்கும். அதில் ஒரு எண் விட்டுப்போயிருந்தால் வங்கி வக்கீல் கண்ணில் படும்முன் உங்கள் கண்ணில் படட்டும். சந்தேகம் வந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். அசையாச் சொத்து ஆவணங்கள் இருக்கும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்வையிட 57-ஆம் பிரிவு இடம் தருகிறது.

அலுவலகக் கோப்புகள் வேறு ரகம். அங்கே தாளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு டேக் கயிறுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யும்போது நகல் மட்டும் கேட்காமல், கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் எழுதுங்கள். 2(j) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. போனால் முதலில் பக்க எண்ணைப் பாருங்கள். 17-க்கு அடுத்து 19 வந்தால் அதை அங்கேயே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் ஓய்ந்துவிட வேண்டாம். அப்படிச் சொல்லித் தகவலை மறுக்க முடியாது, தேடிப் பார்த்து விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று 2013 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதற்கு 90 நாள் அவகாசம்.

தாள் மாறியிருப்பது தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நான் அன்று செய்த தப்பைச் செய்யாதீர்கள். கூட்டத்திலேயே அந்தத் தாளை உருவி எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். அதோடு அது யார் கையில் எப்படி இருந்தது என்ற சரடு அறுந்துபோனது. தொடாமல், இருந்த இடத்திலேயே முன்தாள் பின்தாளோடு சேர்த்துப் படம் எடுத்திருக்க வேண்டும். அன்றே செயலாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்க வேண்டும்.

கையெழுத்தான ஆவணத்தை அதிகாரமில்லாமல் நேர்மையற்ற நோக்கத்தோடு மாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 335, 336-ஆம் பிரிவுகளில் பொய் ஆவணம், போலி ஆவணம் என்பதற்குள் வருகிறது. ஊழியரோ எழுத்தரோ மோசடி நோக்கத்தோடு முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் திருத்தினால் 344-ஆம் பிரிவு, ஏழாண்டுவரை சிறை. போலீஸே நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றமாக இருந்து, காவல் நிலையத்தில் புகாரை எடுக்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். இரண்டுக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. சிவில் வழக்கில் எதிர்த் தரப்பு "சாவி தொலைந்துவிட்டது, புத்தகம் கிடைக்கவில்லை" என்று இழுத்தடித்தால் அதுவும் உங்களுக்குச் சாதகமாகலாம். கையில் இருக்கும் ஆதாரத்தை ஒருவர் காட்டாமல் மறைத்தால், அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இவ்வளவு தூரம் போகாமல் இருக்க, கையெழுத்துப் போடும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். வாடகை ஒப்பந்தமோ, கூட்டு வியாபாரப் பத்திரமோ, உயிலோ, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போடுங்கள். எல்லாத் தாளிலும் போட்டால்தான் உயில் செல்லும் என்று சட்டம் சொல்லவில்லை, இருந்தாலும் போடுங்கள். பக்க எண்ணை "7-இல் 3" என்று மொத்தத்தோடு எழுதுங்கள். மீதமுள்ள வெற்றிடத்தில் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள். கூட்டம் முடிந்த அன்றிரவே மினிட்ஸ் பக்கங்களைப் படமெடுத்து உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் நாற்பது வீட்டுச் சாட்சி கிடைத்துவிடும்.

எங்கள் சங்கத்தில் இப்போது பூட்டு வைத்த பைண்டர் வந்துவிட்டது. வந்த முதல் ஆறு மாதம் சாவி அந்த பைண்டரின் கைப்பிடியிலேயே நூலில் கட்டித் தொங்கியது. பிறகு சண்டை போட்டுச் செயலாளரிடம் ஒன்று, பொறுப்பில் இல்லாத உறுப்பினர் ஒருவரிடம் ஒன்று என்று பிரித்தோம். அந்த லிஃப்ட் தீர்மானத்தை இன்றுவரை யாராலும் நிரூபிக்கவும் முடியவில்லை, ரத்து செய்யவும் முடியவில்லை. உங்கள் சங்கத்தில் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, டீ வருவதற்கு முன் எழுந்து இரண்டே கேள்வி கேளுங்கள்: மினிட்ஸ் புத்தகத்தில் மொத்தம் எத்தனை தாள், சாவி யாரிடம்?