பால் மங்கும் சுமத்ராக் காற்றும்

பால் மங்கு
பேராக் ரப்பர்த் தோட்டங்கள், 20ஆம் நூற்றாண்டு

உளியால் கீறிய பட்டையில் வழியும் பாலைப் பிடிக்க, வெட்டு மரம் ஒவ்வொன்றிலும் இப்படியொரு மங்கு இருந்தது. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன்பே வெட்டு தொடங்கும். அந்த நேரத்தில் மட்டும் மழை வந்துவிடக் கூடாது. நனைந்த பட்டையில் பால் வெட்டுக்கோட்டைத் தாண்டிப் பரவிவிடும். மங்கில் தண்ணீர்தான் நிற்கும். நாள்கூலிக்காரர் பாடு திண்டாட்டம்.

விடியல் மழை பல நாள் மேற்கே மலாக்கா நீரிணையில் பிறந்தது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்கும் நீர் அது. இரவில் சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் வீசும் நிலக்காற்றுகள் அதன்மேல் சந்திக்க, இடிமேகங்கள் வரிசைகட்டி எழுகின்றன. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், பலத்த காற்றோடு கரையேறும் இவற்றுக்குச் ‘சுமத்ரா’ என்றே பெயர். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வெட்டு நேரமும் அதற்குள் போய்விடும்.

கிழக்குக் கரையில் நிலைமை வேறு. அங்கே தென்சீனக் கடல் ஜனவரி வாக்கில் சுமார் 26, 27 பாகைக்கு இறங்குகிறது. ஆனாலும் அதைக் கடந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானுவில் வெள்ளம் வரும் அளவுக்குக் கொட்டுகிறது. பேராக்கிலுள்ள ஈப்போவுக்கு வருமுன் தித்திவங்சா மலைத்தொடர் அதை மறிக்கிறது; 2,183 மீட்டர் உயரக் கோர்பு மலை அதில்தான் உள்ளது. பேராக்கில் ஆண்டின் தொடக்கம் சற்று வறண்டிருக்கும். ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும் அப்போதுதான்.