எழும்பாத பிள்ளையும் விளங்காத மொழியும்

2009 ஜூலையில் இலண்டனில் ஓர் ஈழத்தமிழ் அகதித் தாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு பிறந்த பிள்ளை. சில நாட்களுக்குள் மூளை பாதிக்கப்பட்டு, பெருமூளை வாதத்தோடு வாழும் நிலைக்கு அது தள்ளப்பட்டது. போதிய பால் உள்ளே போகவில்லை. இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அந்தத் தாய்க்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. பாலூட்டுவதன் அவசியத்தை அவருக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இந்தப் பாதிப்பைத் தவிர்த்திருக்கலாம் என்று 2018 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தென்கிழக்கு இலண்டனின் லூயிஷாமில் நம்மவர்கள் நிறையப் பேர். கிளாரண்டன் ரைஸ் சிவன் கோயிலில் திருவிழா நாளில் நின்று பார்த்தால் கைக்குழந்தையோடு வரும் இளம் தாய்மார் எத்தனை பேர் என்று தெரியும். லூயிஷாம் ஆஸ்பத்திரியின் மகப்பேற்றுப் பிரிவைக் குறைக்கும் திட்டம் வந்தபோது 2013 ஜனவரிக் குளிரில் ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கி அதைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றிய அந்த வார்டில் நம் பெண்ணுக்குச் சொல்லப்படுவது அவளுக்கு விளங்குகிறதா என்பதுதான் என் கவலை.

பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரை ஏன் இறங்குகிறது? தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. முதல் ஓரிரு மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவு இறங்கும். பிறகு தானாக ஏறும். ஏறும்வரை கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன் மூளைக்குக் கை கொடுக்கும். தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தால் கதை மாறுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து போகும். பிள்ளையின் கணையம் அதைச் சமாளிக்க இன்சுலினைச் சுரந்து பழகிவிடும். கொடி வெட்டிய பின்பும் அந்த இன்சுலின் ஓயாது. சர்க்கரையையும் இறக்கி, கீட்டோன் உண்டாவதையும் அது தடுத்துவிடும். மூளைக்கு இரண்டு எரிபொருளும் இல்லை. நீடித்தால் பாதிக்கப்படுவது மூளையின் வெண்பகுதியும், பார்வைக்குரிய பின்பகுதியும். வலிப்பு, பார்வைக் குறை, கற்றல் சிரமம் என்று அது பின்னால் வெளிப்படலாம்.

தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்று பிரித்தானிய வழிகாட்டிகளே சொல்கின்றன. அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிக்கிறார்கள். நீரிழிவு உள்ள தாயின் பிள்ளைக்குப் பிறந்த 30 நிமிடத்துக்குள் பால் கொடுக்க வேண்டும், 2 முதல் 4 மணி நேரத்தில் குதிக்காலில் குத்தி இரத்தம் பார்க்க வேண்டும், 24 மணி நேரமாவது வார்டில் வைத்திருக்க வேண்டும். எடை மிகக் குறைந்த பிள்ளைகளுக்கும், பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கும் இதே அவதானிப்பு உண்டு.

இரத்தச் சர்க்கரை எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை, லீட்டருக்கு 2.0 மில்லிமோல் போதும் என்று நெதர்லாந்தில் நடந்த 2020 ஆய்வு சொன்னது, மிதமான இறக்கத்துக்கெல்லாம் தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது என்பவர்களும் உண்டு. எண்ணை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். பால் குடிக்காத பிள்ளையை வீட்டில் யார் கவனிப்பது? இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை, பத்து ஆண்டுக் காலத்தில் இத்தகைய 25 வழக்குகளுக்கு 16 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டிருக்கிறது. அந்த வழக்குகளில் அதிகம் பதிவான அறிகுறி, பிள்ளை சரியாகப் பால் குடிக்காததுதான்.

நம் வீடுகளில் இதற்கு என்ன சொல்வோம்? “பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுது, எழுப்பாதேங்கோ.” அழாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று மெச்சுகிறோம். சீம்பால் மட்டும் போதாதென்று சீனித்தண்ணீரும் தேனும் தொட்டு வைக்கிறோம். சீனித்தண்ணீர் பாலுக்கு ஈடாகாது. தேனை ஒரு வயதுவரை நாக்கில் வைக்கவே கூடாது.

வார்டில் மிட்வைஃப் ஆங்கிலத்தில் விளக்குவார். பெண் தலையாட்டுவாள். கணவர் வேலையில் இருப்பார். பக்கத்தில் இருந்தாலும் “பால் குடுக்கட்டாம்” என்று நாலு வாக்கியத்தை ஒரு வாக்கியமாக்குவார். இரவில் எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பகுதி அங்கே தொலைந்துபோகிறது. பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடும் வீடுகளும் உண்டு. அது அந்தச் சிறுவனுக்கும் பாரம். தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஆஸ்பத்திரிகளில் ஒழிய வேண்டும். அது ஒழியும்வரை நாம் சும்மா இருக்கக் கூடாது.

தாய்மாரே, பிள்ளை 24 மணி நேரத்தில் எட்டுத் தடவையாவது பால் குடிக்க வேண்டும்; மூன்று மணி நேரம் தாண்டித் தூங்கினால் எழுப்புங்கள். உடல் குளிர்ந்தாலோ, கை கால் விடாமல் நடுங்கினாலோ, அழுகை கீச்சென்று மாறினாலோ மிட்வைஃபைக் கூப்பிடுங்கள். எழும்பாமல் துவண்டு கிடந்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 999. மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே “தமிழ் இன்டர்பிரிட்டர் பிளீஸ்” என்று கேளுங்கள். அதை உங்கள் குறிப்பில் எழுதும்வரை கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.