மைதானம் இருந்த இடத்தில் நூலகம்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரீகன்ஸ்டைன் நூலகத்தில் இன்று மாணவர்கள் தலைகுனிந்து படிக்கும் இடத்தில், நூறாண்டுக்கு முன் சனிக்கிழமைதோறும் பெருங்கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அங்கேதான் ஸ்டாக் மைதானம் இருந்தது.

1892இல் பல்கலைக்கழகம் திறந்தபோதே பயிற்றுநராக வந்தவர் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக். பேராசிரியர்களுக்கு நிகரான பதவியில் 41 பருவங்கள் இருந்தார். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், அவருடைய அணி பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டத்தை ஏழு முறை வென்றது. பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை எனப் பெயர்பெற்ற, சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான விருதை 1935இல் முதன்முதலில் வாங்கிய ஜே பெர்வாங்கரும் அங்கே படித்தவர்தான். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தங்களுக்குள் பிரித்தெடுக்க 1936இல் நடத்திய முதல் தேர்வில் அவர் பெயரே முதலில் அழைக்கப்பட்டது. ஆனால் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. விளையாட்டைப் படிப்புக் காலத்தோடு முடித்துக்கொள்ள ஒருவரால் முடிந்தது என்பதே எனக்கு அந்தக் கோப்பையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1929இல் 30 வயதில் பல்கலைக்கழகத்தின் தலைமைக்கு வந்த ராபர்ட் ஹட்சின்ஸ், வெற்றிக்காகப் படிப்பின் அளவுகோலைத் தளர்த்த மறுத்தார். அதற்கான விலை களத்தில் தெரிந்தது. 1939இல் மிச்சிகனிடம் 85–0, ஹார்வர்டிடமும் ஒஹையோ ஸ்டேட்டிடமும் 61–0 எனத் தோல்விகள். அந்த டிசம்பரில் அணியே கலைக்கப்பட்டது. ஆளற்ற பார்வையாளர் மேடைக்கு அடியில் 1942இல் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நடந்தேறியது. 1957இல் மேடையை இடித்தார்கள். 1970இல் நூலகம் எழுந்தது.

கால்பந்து 1969இல் திரும்பியது. சிகாகோ இன்று ஆடுவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில்; அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. பழைய மைதானத்தில் கிட்டத்தட்ட 50,000 பேர் அமரலாம். புதியதில் இரண்டாயிரம் பேருக்கும் இடமில்லை. முதல் பிரிவின் பெரிய பல்கலைக்கழகங்களோ வேறு திசையில் வெகுதூரம் போய்விட்டன. 2021 முதல் மாணவர் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். 2025 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகவே பகிர்ந்தளிக்கலாம். உழைப்பவருக்குக் கூலி கிடைப்பது நியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. கூடுதல் பணம் தேடி ஆண்டுக்கொரு கல்லூரி மாறும் இளைஞன் எந்த வகுப்பறையில் வேர்விடுவான் என்பதுதான் என் கவலை.

ஹட்சின்ஸின் முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும், ஒரு நகரமே ஒன்றாக எழுந்து நின்ற அந்தச் சனிக்கிழமைகளை எந்த நூலகமும் ஈடுசெய்துவிடாது. பெர்வாங்கரின் கோப்பை இன்று பல்கலைக்கழகத்தின் ராட்னர் விளையாட்டு மையத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைக்க இரண்டாவதொன்று வரவேயில்லை.