அரை நூற்றாண்டுக்குப் பின் பெயர் மீண்ட திமிங்கலம்

கொழும்புக்குத் தெற்கே, இரத்மலானைக் கடற்கரையில் 1963 ஜனவரி 26 அன்று ஒரு பெண் திமிங்கலம் கரை ஒதுங்கியது. நாலரை மீட்டர் நீளம், நீலம் கலந்த சாம்பல் நிறம், பறவையின் அலகுபோல் நீண்ட வாய். கொழும்பு அருங்காட்சியக இயக்குநராக இருந்த பி.இ.பி. தெரணியகல அதை ஆராய்ந்து, அறிவியல் அதுவரை அறியாத இனம் இது என்று முடிவுசெய்தார். ‘மெசோப்ளோடான் ஹோட்டவுலா’ என்று பெயரும் சூட்டினார்.

அந்தப் பெயர் இரண்டே ஆண்டுதான் நிலைத்தது. 1958-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட கிங்கோபல் திமிங்கலம்தான் இதுவும் என்று வேறு ஆய்வாளர்கள் தீர்ப்பு எழுதினார்கள். தெரணியகலவின் இனம் பட்டியலிலிருந்து நீங்கியது. 1976-இல் அவரும் மறைந்தார்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இவ்விரண்டும் அடங்கிய அலகுத் திமிங்கலங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஆழ்கடலில் இரை தேடும் இவை மனிதர் கண்ணில் படுவது அரிது. பெரும்பாலான இனங்களைப் பிரித்தறிய உதவுவது ஆணின் கீழ்த்தாடைப் பல். பெண்ணுக்கும் குட்டிக்கும் அது ஈறைவிட்டு வெளியே வருவதில்லை. கரையில் கிடக்கும் உடலோ வெயிலில் ஊதி, தோல் உரிந்து, நிறம் மாறிவிடும். தேர்ந்த கண்ணும் அங்கே ஏமாறும். டிஎன்ஏ அப்படி ஏமாற்றாது.

சிறு தோல் துண்டோ எலும்புத் தூளோ இருந்தால் போதும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, முதலில் மைட்டோகாண்டிரியாவின் மரபுத்தொடரைப் படிப்பார்கள். ஒவ்வோர் உயிரணுவிலும் அதற்குப் பல பிரதிகள் இருப்பதால், பழைய எலும்பிலும் அது எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு, இனம் உறுதியாகத் தெரிந்த திமிங்கலங்களின் தொடர்களோடு ஒப்பிடுவார்கள். ஆனால், மைட்டோகாண்டிரியா தாய்வழியை மட்டுமே காட்டும். புதிய இனம் என்று சொல்ல வேண்டுமானால் உட்கருவின் மரபணுவும் உடற்கூறும் அதை ஆதரிக்க வேண்டும்.

ஆய்வாளர் மெரல் டேல்பவுட் தலைமையிலான குழு இந்த வழியில்தான் சென்றது. இலங்கை, மாலத்தீவு, செஷல்ஸ், கிரிபாட்டி, பால்மைரா பவளத்தீவு ஆகிய இடங்களில் கிடைத்த ஏழு திமிங்கலங்களின் மாதிரிகளை ஆராய்ந்து, தெரணியகல பெயரிட்ட திமிங்கலம் கிங்கோபல் திமிங்கலத்துக்கு நெருங்கிய உறவு, ஆனால் தனி இனம் என்று 2014-இல் நிறுவியது. தெரணியகல சொன்னதே சரி என்றானது. கொழும்பில் அந்த எலும்புகளைப் பாதுகாத்து வைத்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது.

நியூசிலாந்தில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடுவது. 2010 டிசம்பரில் ஓபாபே கடற்கரையில் ஒரு தாயும் குட்டியும் ஒதுங்கி இறந்தன. பரவலாக அறியப்பட்ட கிரே அலகுத் திமிங்கலம் என்று கருதிப் புதைத்தார்கள். வழக்கப்படி எடுத்து வைத்த திசுவை ஆய்வகத்தில் சோதித்தபோதுதான், அவை மண்வெட்டிப்பல் திமிங்கலங்கள் என்று தெரிந்தது. அதுவரை உலகம் அந்த இனத்தை மூன்று எலும்புத் துண்டுகளாக மட்டுமே அறிந்திருந்தது. புதைத்த இடத்தைத் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள். முழு உடலின் முதல் விவரம் 2012-இல் வெளியானது.

தமிழகக் கரைக்கும் இது தொலைதூரச் செய்தி அல்ல. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு அருகே எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டோம். அவற்றின் இனத்தை அறிவது எளிதாக இருந்தது. எல்லா முறையும் அப்படி வாய்க்காது. நாற்றம் எழுமுன் புதைத்துவிடும் அவசரம் நியாயமானதே. அதற்கு முன் ஆய்வாளர்கள் ஒரு துண்டுத் தோலை எத்தனாலில் இட்டு வைக்கச் சில நிமிடம் போதும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

திமிங்கலங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. நாமாக அறுத்தெடுக்கக் கூடாது. கரையில் ஒன்றைக் கண்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பல கோணங்களில் படம் எடுங்கள். மாதிரி எடுக்காமல் எந்தத் திமிங்கலத்தையும் புதைக்க வேண்டாம் என்று கேளுங்கள்.