பளியரின் மலைவாழ்வும் சாமியாட்டும்

லோயர் கேம்ப்பை அடுத்த மலையடிவாரத்தில், சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து ஏறுவோர் கடந்து செல்லும் பளியன்குடி, காட்டு விளைபொருள்களைச் சேகரித்து வாழ்ந்த பளியர் என்னும் பழங்குடியினரின் பெயரைத் தாங்கிய ஊராகும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வயல்கள் பெருகிய பின்னரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பளியருள் பலர் மலையிலேயே தங்கி, கூரிய கோலால் காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டியெடுத்தும், கொடிகளைத் திரித்த வடத்தைப் பற்றிச் செங்குத்தான பாறைகளில் இறங்கி, புகையிட்டுத் தேனீக்களை விலக்கி மலைத்தேன் எடுத்தும் வாழ்ந்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் கொண்ட தென்னிந்தியக் குடிகள் பற்றிய நூலில் இவர்களும் இடம்பெற்றுள்ளனர். எனினும், வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களின் அக்காலப் பதிவுகள் இவர்களது வறுமையை விரிவாகவும் வழிபாட்டைச் சுருக்கமாகவுமே பேசின.

பளிச்சியம்மன் முதலான தெய்வங்களுக்குப் பெருங்கோயில் எழுப்பாமல், மரத்தடியிலோ பாறையோரத்திலோ கல் நட்டு வழிபடுவது இவர்களின் மரபு. கூடியிருப்போர் முன்னிலையில் தெய்வம் இறங்கப்பெறும் சாமியாடியிடம் நோய்க்கும் மனத்தாங்கலுக்கும் காரணம் கேட்கப்படும். சண்டை மூண்டால் எதிர்த்து நிற்காமல் விலகிச் சென்றுவிடும் இவர்களது இயல்பை, 1960களில் இவர்களிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் தனித்துப் பதிவுசெய்துள்ளார்.