கரையில் கேட்கும் விலை, வீட்டில் கேட்காத வட்டி

புதுச்சேரியின் வீராம்பட்டினம் கரையில் மீனின் விலை ரகசியமில்லை. ஃபைபர் படகு கரையேறியதும் கூடையைச் சுற்றி ஆள் கூடிவிடும். ஏலம் கூறுபவர் தொகையைச் சொல்லச் சொல்ல, வாங்க வந்த பெண்கள் ஏற்றிக் கேட்பார்கள். எந்த மீனை யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பது சுற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரியும். பிறகு எரிபொருள், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு வைப்பார்கள். படகுக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. கணக்கு பிசகினால் அங்கேயே பேச்சு வந்துவிடும்.

கடன் என்று வந்தால்தான் குரல் தாழ்ந்துவிடுகிறது. இயந்திரம் வாங்க எடுத்த பணம், மகள் கல்யாணத்துக்கு வாங்கியது, அடகுக் கடையில் இருக்கும் தோடு, மனைவி மகளிர் குழுவில் எடுத்தது, கணவன் மீன் வியாபாரியிடம் வாங்கியது என ஒவ்வொன்றும் வீட்டில் யாரோ ஒருவருக்குத் தெரியும். எல்லாமும் தெரிந்தவர் பெரும்பாலும் இருப்பதில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற அச்சம் கணவன் மனைவிக்கு இடையிலேயே திரை போட்டுவிடுகிறது. கடற்கரை ஊர்களில் நிதி அறிவை வளர்க்க நினைப்பவர்கள் இந்தத் திரையை விலக்குவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2019-இல் தேசிய நிதிக் கல்வி மையம் எடுத்த ஆய்வு, நாட்டில் 27 விழுக்காட்டினர்தான் நிதி அறிவின் அடிப்படை அளவை எட்டியிருக்கிறார்கள் என்றது. அந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஐந்து பேருக்கும் படகுக்கும் வலைக்கும் மனக்கணக்காகவே பங்கு பிரிக்கத் தெரிந்தவர்களுக்குக் கணக்கு வராது என்று சொல்ல முடியாது. அவர்கள் கணக்குப் போடும் முறையும் வங்கி பேசும் முறையும் வேறு வேறு. சிக்கலின் பாதி அதில்தான் இருக்கிறது.

ஊரில் வட்டி மாதக் கணக்கு. ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. ‘அஞ்சு வட்டி’ என்றால் 60. வங்கி 12 விழுக்காடு என்று எழுதி வைத்திருப்பது ஆண்டுக்கு. ஊர்ப் பேச்சில் அது ‘ஒரு வட்டி’. ஆனால் காதில் விழுவது ரெண்டும் பன்னிரண்டும்தான். எது குறைவு என்று காது தவறாகச் சொல்லிவிடுகிறது.

தண்டலில் இந்த மயக்கம் இன்னும் ஆழம். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்று வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே’ என்று மனம் சமாதானம் சொல்லும். உண்மையில் வாங்கியது 8,500. அதுவும் முழுசாக 100 நாளும் கையில் இருக்கவில்லை. முதல் நாளே 100 ரூபாய் திரும்பிப் போய்விட்டது, ஐம்பதாவது நாளில் பாதிக்குப் பாதி போய்விட்டது. இப்படிக் குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு. ஊர்ப் பேச்சில் ‘பத்து வட்டி’. தண்டல் என்று சொல்லும்போது தலையாட்டுபவர்கள், பத்து வட்டி என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள்.

வட்டி என்ற பெயரே இல்லாத கடனும் உண்டு. வியாபாரி முன்பணம் தருகிறார். பதிலுக்குப் பிடிக்கிற மீனை அவரிடமே போட வேண்டும், விற்பனையில் அவருக்குக் கமிஷன். ஒரு லட்சம் முன்பணம், கமிஷன் நூற்றுக்கு ஐந்து, படகு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மீன் பிடிக்கிறது என்று கொள்வோம். மாதம் 5,000 ரூபாய் போகிறது. இது ‘அஞ்சு வட்டி’தான், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அசலில் ஒரு ரூபாயும் குறையாது. வேறு ஆளிடம் நல்ல விலைக்கு விற்கும் உரிமையும் கையில் இல்லை. வெளிப்படையாக நடக்கும் ஏலத்தையே உள்ளுக்குள் செல்லரித்துவிடுகிற ஏற்பாடு இது. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் இதை எதிர்கொண்ட விதம் பாடமாகப் படிக்கத் தக்கது. சங்கமே தன் ஆளை வைத்து ஏலம் விட்டது; விற்ற தொகையில் சிறு பகுதியைச் சேமிப்புக்கும் கடன் அடைப்புக்கும் பிடித்துக்கொண்டது. மீன் அதிகம் பட்ட நாளில் அதிகமும் குறைந்த நாளில் குறைவுமாகக் கடன் அடைந்தது.

வங்கிக் கடனுக்கும் இப்போது ஒரு வழி இருக்கிறது. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19-இல் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வட்டி ஆண்டுக்கு 7 விழுக்காடு. தவணை தவறாமல் கட்டினால் 4. தவிர, 2024 அக்டோபர் முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபர் கடன் எதைக் கொடுத்தாலும், கட்டணங்கள் எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டியை ஒரே எண்ணாகக் காட்டும் விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள், வீட்டில் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லுங்கள். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் ஒப்புதல் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது.

குடும்பத்துக்குள் பேசுவது ஏன் அவசியம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் இன்னொரு விதியே சாட்சி. 2022 ஏப்ரல் முதல், ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் நுண்கடனில், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்த விதி குடும்பத்தை ஒன்றாகப் பார்க்கிறது. குடும்பமோ தன்னை அப்படிப் பார்ப்பதில்லை. தண்டலும் முன்பணமும் எந்த நிறுவனத்தின் ஏட்டிலும் வருவதில்லை. அவற்றையும் சேர்த்துக் கூட்டக்கூடியவர்கள் கணவனும் மனைவியும் மட்டும்தான்.

இந்தக் கூட்டலை எப்போது செய்வது? என்னைக் கேட்டால் பங்குனியில். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அரசு நிவாரணம் தந்தாலும் அது இரண்டு மாதச் சம்பாத்தியத்துக்கு ஈடாகாது. தடை முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அடுத்து ஆடி, வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு உறவு முழுக்க ஊருக்கு வரும், வீடு நிறைய விருந்து நடக்கும். வருமானம் வற்றும் மாதங்களும் செலவு பெருகும் மாதங்களும் இப்படி அடுத்தடுத்து வருவது ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்த செலவுக்குத் தெரியாமல் வந்ததுபோல் கடன் வாங்குவதுதான் வேதனை.

பணத்தைப் பலர் நடுவில் பேசிப் பழகியவர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கின. 1992-இல் நபார்டு அவற்றை வங்கிகளோடு இணைத்தது. குழுக் கூட்டத்தில் யாருக்கு எவ்வளவு கடன், எதற்கு, எத்தனை தவணை பாக்கி என்பதை எல்லோர் முன்னும் வாசித்து ஏட்டில் எழுதுகிறார்கள். கட்டும் வட்டியும் குழுவுக்கே திரும்பி வருகிறது. கடன் வாங்கியதைச் சொல்ல அங்கே யாரும் கூசுவதில்லை, எல்லோரும் சொல்வதால்.

திறந்து பேசுவது வேறு, அம்பலப்படுத்துவது வேறு. தவணை தவறிய வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து தெருவே கேட்கக் கத்துகிற வசூலை நான் வெளிப்படைத்தன்மை என்று சொல்ல மாட்டேன், அது மிரட்டல். கடன் வாங்கியவரைத் துன்புறுத்தி வசூலிப்பதை ரிசர்வ் வங்கியின் விதிகள் தடுக்கின்றன. வங்கியோ நிதி நிறுவனமோ அப்படிச் செய்தால் 14448 என்ற எண்ணில் புகார் செய்யும் வழி கேட்கலாம்.

பேசினால் மட்டும் கடன் தீர்ந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. பொருளியல் ஆய்வாளர்கள் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை மொத்தமாக அடைத்துப் பார்த்தார்கள். ஆறு வாரத்துக்குள் பெரும்பாலோர் மறுபடி கடன் வாங்கிவிட்டார்கள். ஒரு காய்ச்சலோ ஒரு சாவோ வந்தால் தாங்கக் கையில் ஒன்றும் இல்லாதவரை, கணக்குத் தெரிந்தவரும் தண்டல்காரரிடம்தான் போவார்.

அதனால்தான் காப்பீட்டைப் பற்றிய பேச்சும் வீட்டில் நடக்க வேண்டும். மீனவர்களுக்கான மத்திய அரசின் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கு 5 லட்சம் கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. மீனவர் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்பது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 436 ரூபாயில் ஆயுள் காப்பீடு, 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றும் 2 லட்சம். இவற்றின் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது, பிரீமியம் மே இறுதிக்குள் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. அதாவது தடைக்காலத்தின் நடுவில், கணக்கு துடைத்து வைத்ததுபோல் இருக்கும் நேரத்தில். இரண்டுக்கும் சேர்த்து 456 ரூபாய் அன்று இல்லையென்றால் பாதுகாப்பு அறுந்துபோகும். ஜூலையில் திரும்பச் சேரலாம். ஆனால் ஆயுள் காப்பீட்டில் சேர்ந்த முதல் 30 நாளுக்குள் விபத்தில்லாத மரணம் நேர்ந்தால் பணம் கிடைக்காது.