கட்டிவிட்டு எம்.எல்.ஏ. ஆனவர்

போன மாதம் என் மகளின் வளைகாப்புக்குச் சேலை எடுக்க, திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டிக்கு பஸ் ஏறினோம். வளைகாப்புக்குப் போய்ச் சுங்குடிச் சேலையா என்று மூக்கைச் சுளிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: ஏழு மாத வயிற்றோடு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் மணையில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்!

வழியில் காந்திகிராமம் என்ற போர்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "ஏம்மா, காந்தி இங்க வந்து தங்கியிருந்தாரா? அதான் இந்தப் பேரா?"

"இல்லடி, இந்தப் பக்கத்து எம்.எல்.ஏ.வா இருந்த ஒரு டாக்டரம்மாவும் அவுங்க வீட்டுக்காரரும் ஆரம்பிச்சது. எதுத்தாப்புல இருக்குதே கஸ்தூரிபா ஆஸ்பத்திரி, அதுவும் அந்தம்மா ஆரம்பிச்சதுதான்."

"எம்.எல்.ஏ. ஆனதும் ஆஸ்பத்திரி கட்டினாங்களாக்கும்!" என்று சிரித்தாள்.

"கட்டிட்டுத்தான் எம்.எல்.ஏ. ஆனாங்க" என்றேன். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. மீதிக் கதையைச் சேலைக் கடையில் உட்கார்ந்துதான் சொல்லி முடித்தேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

டாக்டர் சௌந்தரம் அம்மாளின் தகப்பனார் யார் தெரியுமா? டி.வி.சுந்தரம் அய்யங்கார். ஆமாம், அந்த டி.வி.எஸ்.தான். அந்த பஸ் வந்தால் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வீட்டுப் பெண். 14 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை சௌந்தரராஜன் ஒரு டாக்டர். 1925ல் அவரை ப்ளேக் நோய் கொண்டுபோய்விட்டது. அப்போது இந்தப் பெண்ணுக்கு இருபது வயது சொச்சம். அந்தக் காலத்து ஆசாரமான குடும்பத்தில் இருபது வயது விதவையின் மீதி வாழ்நாள் எப்படிக் கழியும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை; உங்கள் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டாலே போதும். ஆனால் சாகும் முன்பு கணவர், "நீ படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும்" என்று கேட்டுக்கொண்டாராம். அவர் படித்தார். பெண்களுக்கென்றே டில்லியில் இருந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936ல் டாக்டராகி வெளியே வந்தார்.

டில்லியில்தான் காந்திஜியைச் சேர்ந்தவர்களின் பழக்கம் ஏற்பட்டது. கேரளத்துக்காரரான ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். விதவை மறுமணம், போதாததற்கு வேறு ஜாதி! வீட்டில் சம்மதிப்பார்களா? காந்திஜி உடனே ஆசீர்வதித்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு வருஷம் பார்க்காமல், கடிதம் எழுதாமல் இருங்கள், அப்புறமும் மனம் மாறவில்லை என்றால் நானே நடத்தி வைக்கிறேன் என்றாராம். மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் வேட்டி காந்திஜி நூற்ற நூலில் நெய்தது, பெண்ணின் சேலை கஸ்தூரிபா நூற்ற நூலில் நெய்தது என்பார்கள்.

கஸ்தூரிபா 1944ல் காவலில் இருந்தபோதே காலமானார். அவர் நினைவாக நிதி திரட்டி, அதைக் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் செலவிட வேண்டும் என்று டிரஸ்ட் அமைத்தார்கள். நம் பக்கத்தில் அதன் பொறுப்பு சௌந்தரம் அம்மாளிடம் வந்தது. அவர் நினைத்திருந்தால் மதுரையில் பெரிய கிளினிக் வைத்து, காரில் போய் வந்திருக்கலாம். வந்து சேர்ந்ததோ நெசவாளர் ஊரான சின்னாளபட்டிக்கு. 1947ல் அவர் ஆரம்பித்த வைத்தியசாலையில் இருந்தவை இரண்டே படுக்கைகள். அதே வருஷம் அக்டோபரில், சிறுமலை அடிவாரத்தில் அம்பாத்துரை ஸ்டேஷன் பக்கம் காந்திகிராமம் பிறந்தது.

இரண்டு படுக்கையில் என்ன பெரிய காரியம் நடந்துவிடும் என்கிறீர்களா? என் அப்பத்தா இருந்தால் பதில் சொல்லியிருக்கும். ஆத்தூர் பக்கம் (சேலத்து ஆத்தூர் இல்லை, எங்கள் திண்டுக்கல் ஆத்தூர்) ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டது. ஒன்பது பிரசவம், தங்கியது நாலு. முதல் பிள்ளை ஆண். ஆறாம் நாள் வரை நன்றாகப் பால் குடித்த பிள்ளை, ஏழாம் நாள் வாயைத் திறக்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. "சேட்டை புடிச்சிருச்சுன்னாங்க. வேப்பிலை அடிச்சாங்க. வெளக்கு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு" என்று அது சொல்லும்போது குரலில் அழுகைகூட இருக்காது. அவ்வளவு சகஜம்.

அது சேட்டையும் இல்லை, கண்ணேறும் இல்லை. ரணஜன்னி. கதிர் அறுக்கிற அருவாளைத் துடைத்துவிட்டுத் தொப்புள்கொடியை அறுத்து, அதன் மேல் சாம்பலையோ சாணத்தையோ அப்பினால், மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி நேரே குழந்தையின் உடம்புக்குள் போய்விடும். கைகழுவச் சோப்பு, கொதிக்க வைத்த பிளேடு, கொதிக்க வைத்த நூல், சுத்தமான துணி: இவ்வளவுதான் வேண்டியிருந்தது. இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல்தான் பிள்ளைகள் போயின. கர்ப்ப காலத்தில் உங்களுக்கு ரணஜன்னித் தடுப்பூசி போடுகிறார்களே, "கை வலிக்குது, அடுத்த வாரம் போட்டுக்கிறேன்" என்று தட்டிக்கழிக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். தாயின் உடம்பில் ஊறும் அந்த எதிர்ப்புச் சக்திதான் பிள்ளைக்கும் போகிறது. இந்தியாவில் பச்சிளங்குழந்தைகளின் ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக அறிவித்ததே 2015ல்தான்.

ஆக, 1952ல் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் வந்தபோது, ஆத்தூர் தொகுதிப் பெண்களுக்குக் காங்கிரஸ் வேட்பாளர் யாரோ எவரோ இல்லை. பேறுகாலம் பார்க்கிற டாக்டரம்மா. ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். 1957ல் வேடசந்தூர் தொகுதியில் நின்று மறுபடியும் ஜெயித்தார்.

ஓர் எம்.எல்.ஏ.வின் கொள்கை என்ன என்பதைத் தொகுதிக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. காந்திகிராமத்தில் என்ன நடந்தது? கிராமத்துப் பெண்களையே கிராம சேவகிகளாகப் பழக்கினார்கள். பள்ளிக்கூடம், கதர் என்று வேலை விரிந்தது. 1956ல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. அதுதான் 1976ல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது 1959ல் நடந்தது. செயற்கைக் கருத்தடை கூடாது, பிரம்மச்சரியம்தான் வழி என்பது காந்திஜியின் தீர்மானமான கருத்து. 1935 கடைசியில் மார்கரெட் சாங்கர் என்ற அமெரிக்க அம்மாள் வார்தாவுக்கே வந்து வாதாடிப் பார்த்தார்; அவர் அசையவில்லை. அப்படிப்பட்டவரின் பெயரைத் தாங்கிய காந்திகிராமத்தில், 1959ல் ஆத்தூர் வட்டாரத்துக்கென்று ஒரு மாதிரி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள். தாய்சேய் நலத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டையும் வீடுவீடாகக் கொண்டு போனார்கள். வெளியூர் அதிகாரி வந்து மைக்கில் முழங்குவதைவிட, அந்தந்த ஊரிலேயே மதிப்புள்ள ஆணும் பெண்ணும் எடுத்துச் சொன்னால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்பதை நடத்திக் காட்டினார்கள். 1964ல் அது தனி நிறுவனமாகி, சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் இடமாயிற்று.

குருநாதர் பெயரில் உள்ள இடத்தில் குருநாதர் ஒப்பாத காரியமா என்று சிலர் கேட்கலாம். ஒன்பது பிரசவத்தில் ஐந்தைப் புதைத்த அப்பத்தாவின் பேத்தி நான். அந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன். ஏழாவது, எட்டாவது பிரசவத்துக்கு ரத்தமே இல்லாமல் வெளிறிப்போய் வரும் பெண்ணிடம் பிரம்மச்சரியத்தைப் பற்றி என்ன பேசுவது? அந்தப் பேச்சை வீட்டில் கேட்க வேண்டியவர் அவளா?

1962ல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்வானார். மத்திய கல்வித் துறையின் துணை அமைச்சரானார். அதே வருஷம் பத்மபூஷண் விருதும் வந்தது. 1967க்குப் பிறகு பதவி இல்லை, காந்திகிராமம் இருந்தது. 1984 அக்டோபரில் காலமானார். 2005ல் தபால் தலை வெளியிட்டார்கள்.

அவருக்குப் பின், திண்டுக்கல் தொகுதி 2001, 2006, 2011 என்று மூன்று தடவை கே.பாலபாரதியைச் சட்டசபைக்கு அனுப்பியது. மற்றபடி கணக்கு சொல்லச் சங்கடமாக இருக்கிறது. 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12 பேர். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, நம் மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சேலைக் கடையில் மகள் கேட்டாள்: "அப்ப, அப்பத்தா அந்தம்மாவுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்களா?"

நானும் சின்ன வயதில் இதைக் கேட்டிருக்கிறேன். 1952ல் சீட்டில் முத்திரை குத்துகிற வேலை இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். பிடித்த பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டியதுதான். பெயர்ப் பட்டியல் எடுக்க வந்தவர்களிடம் 'இன்னார் சம்சாரம்' என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டதால், பெரும்பாலும் வட மாநிலங்களில், சுமார் 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் ஓட்டை இழந்தார்கள். எங்கள் அப்பத்தா பெயரைச் சொல்லிவிட்டது.

"தாத்தா வேற பெட்டியில போடச் சொல்லித்தான் வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போனாரு" என்று அது சொல்லியிருக்கிறது. "உள்ள போனா, மறைப்பு கட்டி விட்டிருந்தாங்க. ஒருத்தரும் இல்ல. நாந்தேன் இருந்தேன். காளைமாட்டுப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டேன். உங்க தாத்தா சாகுற வரைக்கும் கேக்கல, நானும் சொல்லல."